மூன்றாவது நிமிடம்

லெட்டர் யாருக்கு மச்சான், என்றுதான் கேட்டேன், வழக்கமான கிண்டல், குளிர்கிடங்குக்குள் மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், பற்கள் டைப்ரைட்டர் மாதிரி படபடத்தன, "உங்கக்காவுக்குத்தான்டா, இந்த வேலைய வாங்கிக் கொடுத்த தம்பிய ரெண்டு சாத்து சாத்தச் சொல்லி எழுதுறேன்" என்றார், தாடை நடுக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் மூன்று துண்டாக விழுந்தது, சிரித்துக்கொண்டே தள்ளுவண்டியை வெளியே தள்ளினேன்... தையல் மெஷினில் உட்கார்ந்தே நாற்பது வயதைத் தாண்டியவர், கடையை மூடியதும் நான்தான் இங்கே கூட்டிவந்தேன், அன்று நான்காம் நாள்.

இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே, கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது, யாருக்காக எழுதினார்கள், சுவருக்கா? லாரி நிற்குதுப்பா, இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரே ஒரு வரிசை என்று சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார், நான் லாரிக்கும் அறைக்கும் போய்வந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சான் உள்ளேயே இருந்தார், ஒழுகிய பெட்டியைத் தூக்கியதில் கோட்டுக்குள் சட்டை நனைந்திருந்தது, அது எனக்குத் தெரியும், தெரிந்தும்... ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே வந்த நடையில் பல் சத்தமே இல்லை. "பாத்தியா, நடுக்கம் நின்னுடுச்சு, இனி இவரு நம்ம ஆளு" என்றார் சூப்பர்வைசர். இங்கே அதுதான் பரீட்சை, நடுங்குகிறவன் புதுசு, நின்றால் பழகிவிட்டான். மச்சான் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார், "சூடா இருக்குடா" என்றார், நாக்கு குழறியது, நானும் முதுகில் தட்டினேன், சபாஷ் மச்சான் என்றேன், சபாஷாம், இந்த வாயை என்ன செய்வது? அடுத்த நடையில் பெட்டிகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் திறந்திருந்தது.

டாக்டர் நிதானமாக விளக்கினார், அந்த நிதானத்தை நினைத்தாலே இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. தசைகள் இறுகி இறுகித் தளர்ந்து சூடு உண்டாக்குமாம், அதுதான் நடுக்கம், தாடைத் தசையும் அப்படித் துடிப்பதால்தான் பல் அடித்துக்கொள்ளுமாம், "நடுங்குற வரைக்கும் உடம்பு போராடுதுன்னு அர்த்தம், குளிர்லயே இருக்கும்போது நடுக்கம் நின்னுபோச்சுன்னா, சூடா இருக்குன்னு கோட்டைக் கழட்டுனா, உடனே வெளிய கொண்டு வந்திருக்கணும்." இதை ஏன் கதவில் எழுதவில்லை? அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கடைசியா என்னடா சொன்னாரு, ஒண்ணும் சொல்லலக்கா என்றேன், சூடாயிருக்கு என்றாரே, அதை எந்த வாயால் சொல்வது...

இப்போதும் அதே அறை, அதே கோட்டு, வெளியே அதே குரல், இன்னும் ஒரு வரிசைப்பா. கதவை ஓங்கி உதைக்கலாம் போலிருக்கிறது, அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து நிற்க வைக்கலாம் போலிருக்கிறது, ஆனால் அவரோடு சேர்ந்து சபாஷ் போட்டவன் யார்? சூயிங்கத்தை அழுத்தி மெல்லுகிறேன், பழைய ஆட்கள் எல்லோரும் மெல்லுவோம், சூப்பர்வைசரும்தான், எதற்கு மெல்லுகிறோம் என்று ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை, இன்று துப்பிவிட்டேன். ஒன்று, இரண்டு... மூன்றாவது நிமிடத்தில் என் பல் அடித்துக்கொள்ளத் தொடங்கியது, சேர்ந்த முதல் நாள் போலவே, ஆறு வருடமாகச் சூயிங்கம் மறைத்துவைத்த அதே நடுக்கம்.