யாருடைய கை

ஐஸ் தண்ணிக்குள் கையை விட்டு ஓர் இறாலை எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துப் போட பூவிழிக்கு ஒரு மூச்சு விடும் நேரம் போதும். எதிரில் நிற்கும் தேவதர்ஷினி ஒன்றை முடிப்பதற்குள் அவள் ஐந்தை முடித்துவிடுவாள். தேவதர்ஷினி பொன்னேரியில் பி.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சனிக்கிழமை மட்டும் இந்த இறால் கம்பெனிக்கு வருகிறாள். மற்ற இருபத்திரண்டு பெண்களுக்கும் வாரத்தில் ஆறு நாளும் இதுதான் வேலை.

"இன்னாமே, பரீட்சை எழுதற மாதிரி உரிக்கிறே? எறா ஒண்ணும் உனக்கு மார்க்கு போடாது," என்றாள் பூவிழி. மேஜை முழுக்கச் சிரித்தது.

எல்லோரும் கோட்டைக்குப்பத்துப் பெண்கள். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பழவேற்காடு ஏரி தெரியும். ஆனால் உரிக்கிற இறாலெல்லாம் ஆந்திராவில் குளம் வெட்டி வளர்த்து லாரியில் வருவது. பூவிழியின் வீட்டுக்காரன் தினகரன் ஏரிக்குப் போய் வெறும் வலையோடு திரும்பும் நாட்கள்தான் இப்போது அதிகம். வீட்டு அடுப்பும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அவள் கையை நம்பித்தான் இருந்தன.

கேட்டில் சூப்பர்வைசர் தாமோதரன் ஒரு நீல பிளாஸ்டிக் டப்போடு நிற்பான். எல்லோரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரியில் வளர்மதி மேடம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். தலைப்பு, 'பணியிடத்தில் வலைப்பூக்களும் சமூக வலைத்தளங்களும்'. பாடப் புத்தகத்தில் அதற்கு ஆறு பக்கம் இருந்தது. ஊழியர்கள் நேரத்தை வீணாக்குவார்கள், நிறுவனத்தின் நற்பெயர் கெடும், ஆகவே ஒரு கொள்கை வகுக்க வேண்டும். புத்தகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர்கூட நிற்கவில்லை. தேவதர்ஷினி முதல் வரியை இப்படி எழுதினாள்: 'நான் வேலை செய்யும் இடத்தில் சமூக வலைத்தளம் காலையில் ஒரு நீல டப்பில் போட்டு மூடப்படுகிறது.' அதற்கு மேல் இரண்டு நாளாக ஒன்றும் ஓடவில்லை.

ஏதாவது கிடைக்குமா என்று ஃபேஸ்புக்கில் தேடியபோதுதான் 'ஐஸ் தண்ணி' என்ற பக்கம் கண்ணில் பட்டது. பெயர் இல்லை, முகம் இல்லை. நாளுக்கு ஒரு படம், நீல ஏப்ரன் மேல் வைத்த ஓர் இடது கை. கீழே நாலைந்து வரி. அதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் முப்பத்தாறு பேர்.

'கையுறை குடுத்தாங்க. எறா வாங்கற வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. அவங்க காரு கேட்டைத் தாண்டறதுக்குள்ள எண்ணித் திருப்பி வாங்கிட்டாங்க. ஒண்ணரை மணி நேரம் என் கை சூடா இருந்துச்சி.'

அதற்கு முந்தைய சனிக்கிழமைப் பதிவில், 'இன்னிக்கி ஒரு பொண்ணு பரீட்சை எழுதற மாதிரி எறா உரிச்சா. கிண்டல் பண்ணேன். சாயங்காலம் வேன்ல அவ கையைப் பாத்தேன். ஒரு கீறல்தான். அந்தக் கை அப்டியே இருக்கட்டும்' என்று இருந்தது.

தேவதர்ஷினி தன் கையைப் பார்த்தாள். பிறகு பூவிழி வீட்டுக்கு ஓடினாள். பூவிழி மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான். வேன்ல வரும்போது மடியில ஏப்ரனை வச்சி போட்டோ புடிச்சி எழுதுவேன். எல்லாரும் தூங்குவாளுங்க, எனக்குத் தூக்கம் வராது," என்றாள் பூவிழி. "இதுல இன்னா கீது?"

"அக்கா, எங்க புக்கு எழுதனவருக்குக்கூட இப்டி எழுத வராது."

"சும்மா இருமே. ஒம்போதாங்கிளாஸ் பெயிலு நானு."

"கட்டுரையில போட்டுக்கவா?"

பூவிழி யோசித்தாள். "பேரு மட்டும் வெளில வரக்கூடாது. தெரிஞ்சா வேலை பூடும்."

தேவதர்ஷினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கட்டுரையில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நாளெல்லாம் போனைத் தொட முடியாத ஒருத்தி, தான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதுகிறாள் என்றால், நற்பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது அவள் இல்லை என்று முடித்திருந்தாள். அதை வகுப்பில் வாசித்தாள். வளர்மதி மேடம் கை தட்டினார். வகுப்பே அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றது. பெருமை தாங்காமல் தேவதர்ஷினி லிங்க்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பெயரை மறைத்தால் ஆளை மறைத்த மாதிரிதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வேனில் பூவிழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைக் காட்டினாள்.

"முப்பத்தாறு பேரு இருந்தாங்க. இப்போ ரெண்டாயிரம். இன்னாமே பண்ணே?"

தேவதர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு தாண்டும் வரை பூவிழி போனில் அந்த எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் இன்னா சொன்னாங்க?" என்று பிறகு கேட்டாள்.

"கை தட்டனாங்க அக்கா."

"உனக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

பூவிழி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்ப சரி," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேலை போச்சின்னா எங்க ஊட்டுக்காரருகிட்ட நீயே வந்து சொல்லு. எனக்கு தெகிரியம் இல்ல," என்றாள். தேவதர்ஷினிக்கு அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கம்பெனியில் இறங்கியதும் தாமோதரன் டப்பில் போன்களை வாங்கிக்கொண்டான். ஆனால் மேஜைக்குப் போக விடவில்லை. எல்லோரையும் சுவர் ஓரமாக வரிசையில் நிற்க வைத்தான். ராத்திரி தூங்காத முகம்.

"செவ்வாக்கெழமை வெளிநாட்டுக்காரங்க வந்தது, கையுறையைத் திருப்பி வாங்கனது, எல்லாத்தையும் எவளோ ஃபேஸ்புக்குல எழுதி வச்சிக்கீறா. ஏப்ரன் நம்ம ஏப்ரன். ஆபீஸ்ல என் உயிரை எடுக்கறாங்க. யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. அவ ஒருத்தி வீட்டுக்குப் போனா மத்தவங்க பொழப்பு ஓடும்."

தாமோதரன் வரிசையின் முனைக்குப் போய் நின்றான்.

"சரி. எல்லாரும் இடது கையை நீட்டுங்க. போட்டோ என்கிட்ட கீது."

முதலில் நின்ற பச்சையம்மா, பதினோரு வருஷமாக இங்கே உரிக்கிறவள், கையை நீட்டிக்கொண்டே, "இன்னா சார், ரேகை பாக்கப் போறியா? எனக்கு வெளிநாடு போற யோகம் கீதா பாரு," என்றாள். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

தாமோதரன் தன் போனை அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்தான். படத்தில் கட்டைவிரல் இடுக்கில் நீளமாக ஒரு வெடிப்பு. ஆள்காட்டி விரல் நகம் பாதி கறுத்திருந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து வெள்ளையாக ஊறியிருந்தது. பச்சையம்மாவின் கட்டைவிரல் இடுக்கிலும் வெடிப்பு இருந்தது. நகமும் கறுத்திருந்தது.

"நீயா?" என்றான்.

"பக்கத்துல நிக்கறவளையும் பாரு சார்."

பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான். வெடிப்பு, கறுத்த நகம், உரிந்த தோல். அவளுக்கு அடுத்தவளுக்கும் அதே. படத்தை விரலால் பெரிதாக்கினான். நாலாவது கை, ஐந்தாவது கை. எட்டாவது கைக்கு வரும்போது திரும்பவும் முதல் கைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பதினாலாவதாக பூவிழி நின்றாள். தாமோதரன் படத்தையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பதினைந்தாவது கைக்கு நகர்ந்தான்.

கடைசியில் தேவதர்ஷினி. அவளும் கையை நீட்டினாள். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வரிசையில் கொஞ்சம் முன்னால் நின்ற பூவிழி தலையை நீட்டி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

தாமோதரன் போனைப் பக்கத்தில் கொண்டுவரக்கூட இல்லை. "நீ சனிக்கெழமைப் பொண்ணுதான? இது உன் கை இல்ல. நீ போய் வேலையைப் பாரு," என்றான்.

பிறகு அவன் ஒதுங்கி நின்று ஆபீசுக்குப் பேசினான். "பாத்துட்டேன் சார். கண்டுபுடிக்க முடியல சார். இல்ல சார், ஒவ்வொருத்தியா பாத்தேன். எல்லாக் கையும் இப்டித்தான் சார் கீது." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க சார்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தான்.

லாரியிலிருந்து புது ஐஸ் வந்தது. இரண்டு ஆட்கள் மண்வாரியால் அள்ளித் தொட்டிகளில் கொட்டினார்கள். பெண்கள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார்கள். பூவிழி முதலில் கையை விட்டாள். அடுத்து பச்சையம்மா, அடுத்து மற்றவர்கள். நாற்பத்துநாலு கைகளும் மணிக்கட்டு வரை தண்ணிக்குள் போயின. தேவதர்ஷினி மட்டும் ஒரே ஒரு கீறல் பட்ட தன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.