கீழ் அறை ஆட்கள்

இருந்தவர்கள்: வீட்டுக்குச் சொந்தக்காரியான தையல்காரி, டாக்ஸி ஓட்டும் அவள் கொழுந்தன், நகை பறிகொடுத்த மருந்துக்கடைக்காரர், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வந்த எதிர்வீட்டுக்காரர், கீழ் அறையில் ஆறு வேலையாட்களோடு குடியிருக்கும் கொத்தனார். நாற்காலி நான்குதான். கொத்தனார் நின்றார்.

தெருவில் வரிசையாகத் திருட்டு. கீழ் அறையில் மட்டும் ஒரு துரும்பும் போகவில்லை. அந்தக் கதவை யாரும் பூட்டுவதே இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அதுவே வினையாகப் போயிற்று.

“திறந்து கிடக்கிற வீட்டை விட்டுட்டு, பூட்டின வீடாப் பார்த்து உடைக்கிறான். தன் வீட்டுலயே எவனாவது திருடுவானா, டெய்லரம்மா?” என்றார் மருந்துக்கடைக்காரர். “காலி பண்ணச் சொல்லுங்க.”

தையல்காரியிடம் தைக்க வரும் துணியில் பாதி இந்தத் தெருவுடையது. வெளியூர் ஆட்கள் என்றதும் வாடகைப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்ட வீடுகளை ஏறி இறங்கிவிட்டுத்தான் கொத்தனார் இங்கே வந்திருந்தார். இதுவும் போனால் ஏழு பேருக்கும் கட்டடத்து மணல்தான் படுக்கை.

“பாதிப் பேருக்குப் பகல் வேலை, பாதிப் பேருக்கு ராத்திரி வேலைங்க,” என்றார் கொத்தனார். “பாய் சூடு ஆறவே ஆறாது. எப்பவும் ஒருத்தன் குறட்டை விட்டுட்டு இருப்பான். ஆள் இருக்கிற வீட்டுக்குள்ள எவன் வருவான்? வந்தாலும் எதை எடுப்பான், எங்க கிழிஞ்ச சட்டையையா?”

எதிர்வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார்.

“அண்ணி, கடைக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு,” என்றான் கொழுந்தன். “நாமளும் பிழைக்க வந்தவங்கதான். இப்படியா இருந்தோம்?”

“இங்க வந்த புதுசுல சைக்கிள் காணோம்னு உன்னைத்தானே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனாங்க? உங்க அண்ணன் பாதிச் சோத்துல எழுந்து ஓடினாரு.”

“அது வேற.”

“ஆமா. அது நீ.”

இவர்கள் திருடவில்லை என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது. மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது. தெரியாததை அவர் ஒரு பக்கம் சாய்க்கிறார். மறுபக்கம் சாய்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

“யாராவது கண்ணால பார்த்தீங்களா?”

“பார்த்திருந்தா உங்ககிட்ட எதுக்கு வர்றோம்?”

“அப்போ பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் அவங்க இருக்கட்டும்.”

“எங்க வீட்டுத் துணியை வேற இடத்துலதான் கொடுக்க வேண்டி வரும்.”

“அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புறேன். அங்க கேப்பாங்க.”

நாற்காலிகள் இழுபட்டன. கொழுந்தன் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிப் போனான்.

கொத்தனார் மட்டும் தயங்கினார். “எங்களால உங்களுக்குத்தான் சங்கடம், அக்கா.”

“போய்ப் படுங்க. ராத்திரி வேலைக்குப் போகணும்ல.”

திரும்பும்போது அவர் பார்வை உள்ளறை பீரோ மேல் பட்டு நகர்ந்தது. எல்லார் பார்வையும் படுகிற இடத்தில்தான் அது இருந்தது. போகிறவர் எங்காவது பார்த்துத்தான் ஆக வேண்டும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

அவர் வெளியே போனதும் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படியில் இறங்கிக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது. அது மறுபடி கேட்கும்வரை காத்திருக்காமல், சாவியையும் திருப்பிப் பூட்டினாள்.