சுருட்டைக்கான ஜெபக் குறிப்பு

சனிக்கிழமை மாலைகளில் சபையின் வாலிபர் கூட்டம் டயர் கடையின் மாடியில் நடக்கும். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். கூட்டத்தை நடத்துபவர் வாரம் முழுக்க வீடு வீடாகக் குழாய் மாட்டுகிறவர். பிளம்பர் அண்ணன் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பாட்டு முடிந்ததும் அவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

“இந்த வாரம் ஸ்கூல்ல யார்கிட்ட ஆண்டவரைப் பத்திச் சொன்னீங்க?”

சொன்னவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். சொல்லாதவர்களை யாரும் திட்டுவதில்லை. ஆனாலும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தரை சுடும்.

சிட்டுவுக்கு வாராவாரம் சுட்டது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் குரல் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும். அண்ணன் கேள்வி கேட்டதும் தன் கால் விரல்களைப் பார்க்கத் தொடங்குவாள்.

“சிட்டு எழுந்து நிக்கற அன்னைக்கு ஆண்டவரோட இரண்டாம் வருகையே வந்துடும் அண்ணே” என்றான் கிடார் வாசிக்கிறவன். எல்லாரும் சிரித்தார்கள். சிட்டுவும் சிரித்து வைத்தாள்.

பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காருபவள் சுருட்டை. எண்ணெய் வைத்தாலும் அடங்காத முடி. முடியைப் போலத்தான் வாயும்.

“தினமும் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்ணை மூடிட்டு என்னடி முணுமுணுக்கற? உப்பு சரியா இருக்கணும்னு வேண்டிக்கறியா?”

“நன்றி சொல்றேன்.”

“யாருக்கு? சமைச்சது உங்கம்மா.”

“அம்மாவுக்கு வீட்லயே சொல்லிட்டேன். இது ஆண்டவருக்கு.”

சுருட்டை இன்னொரு கிண்டல் செய்வாள் என்று சிட்டு காத்திருந்தாள். அது வரவில்லை. டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே சுருட்டை மெல்லக் கேட்டாள்.

“எனக்காகவும் ஒண்ணு கேப்பியா?”

“கேக்கறேன். என்ன?”

“எங்கம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னது பொய்டி. மனநல ஆஸ்பத்திரியில இருக்காங்க. என்னைப் பாத்தா யாரு நீன்னு கேக்கறாங்க. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்க ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லு.”

சிட்டு குழாயை மூடினாள். ஈரக் கையால் சுருட்டையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, மணியடிக்கும் வரை நின்றாள். அவள் இத்தனை நாள் செய்யவில்லையே என்று குமைந்த ஊழியம் அந்தக் குழாயடியில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பிரசங்கமும் தேவைப்படவில்லை. அது அவளுக்குத் தெரியாமல் போனதுதான் பரிதாபம்.

அன்று முதல் சிட்டு, தன் அம்மாவின் தையல் மெஷின் ஓடத் தொடங்குமுன் விடிகாலையில் முழங்கால் போட்டு, சுருட்டையின் அம்மாவுக்காக ஜெபித்தாள். சனிக்கிழமை வந்தது. அண்ணன் கேட்டார். சிட்டு எழுந்து நின்றாள்.

பத்துப் பேர் சேர்ந்து ஜெபித்தால் அந்த அம்மா சீக்கிரம் குணமாவார் என்று நினைத்துத்தான் எழுந்தாள். கிடார்க்காரன் வாயைப் பிளப்பான் என்ற நினைப்பும் கூட எழுந்தது. இரண்டில் எது அவளைத் தூக்கி நிறுத்தியது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வகுப்பு, யார் மகள், எந்த ஆஸ்பத்திரி. குரல் ஓரிடத்திலும் திரும்பிப் போகவில்லை. “அல்லேலூயா!” என்று கை தட்டினார்கள். பிளம்பர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘அவசர ஜெபக் குறிப்பு’ என்று தலைப்பு. அந்தக் குழுவில் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சிட்டுவின் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தாள்.

திங்கட்கிழமை சுருட்டை உள்ளே நுழைந்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

“என்ன சுருட்டை, உங்கம்மா போன ஊர்ல ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருப்பாங்களாமே?”

சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள் முதல் வரிசைப் பெண் திரும்பினாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். “கவலைப்படாதடி. எங்க சபையில எல்லாரும் உங்கம்மாவுக்காக ஜெபிக்கறோம். சிட்டுதான் சொன்னா.”

சுருட்டை சிட்டுவைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் சிட்டு தாங்கியிருப்பாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரக் காலி இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளையில் சிட்டு பின்னாலேயே ஓடினாள். “ஜெபம் பண்ணணும்னுதாண்டி சொன்னேன். சத்தியமா.”

“நான் உன்னை யார்கிட்ட சொல்லச் சொன்னேன்?”

“ஆண்டவர்கிட்ட.”

“அவர் யார்கிட்டயும் போய்ச் சொல்லலையே” என்றாள் சுருட்டை. “நீதான் சொன்ன.”

மாலையில் சிட்டு பிளம்பர் அண்ணனைத் தேடிப் போனாள். யார் வீட்டிலோ பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். படுத்தபடியே கேட்டவர், கேட்டு முடித்ததும் வெளியே வந்து உட்கார்ந்தார்.

“உம்மேல தப்பில்லைன்னு சொல்ல மாட்டேன்மா” என்றார், ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு. “ஆனா எழுந்திரு எழுந்திருன்னு உன்னை ஏணியில ஏத்தினது நான்தான். ஊருக்கே தண்டோரா போட்டதும் நான்தான்.”

குழுவில் போட்டதை அழித்தார். அதைப் படித்திருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கெஞ்சினார். படித்ததை எப்படி அழிப்பது? சுருட்டையின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவர் கதவைப் பாதி திறந்து, “சரிங்க” என்று ஒரே வார்த்தை சொல்லி மூடிவிட்டார். அடுத்த சனிக்கிழமை முதல் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சிட்டு விடிகாலை ஜெபத்தை விடவில்லை. மன்னிக்கச் சொல்லிச் சுருட்டையிடம் இரண்டு முறை போனாள். “விடு” என்றாள் சுருட்டை. அந்த வார்த்தைக்குள் மன்னிப்பு இருந்ததா என்று சிட்டுவுக்குத் தெரியவில்லை.

பரீட்சை நெருங்கிய ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில் சுருட்டையையும் அவள் அம்மாவையும் பார்த்தாள். அம்மா மெலிந்திருந்தார். மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீடு திரும்பிய சேதியைச் சிட்டுவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒதுங்கிப் போக நினைத்தவளை அந்த அம்மாவே கூப்பிட்டார்.

“நீ சிட்டுதானே? ஸ்கூல் மீட்டிங்ல பாத்திருக்கேன். ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ இவ சொன்னா, பக்கத்து சீட்டுப் பொண்ணு எனக்காக வேண்டிக்கறான்னு. அங்க அது எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா! இன்னும் வேண்டிக்கறியாம்மா?”

“தினமும் வேண்டிக்கறேன் ஆன்ட்டி.”

“அப்புறம் ஏன் வீட்டுப் பக்கமே வரல?”

சிட்டு சுருட்டையைப் பார்த்தாள். சுருட்டை சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். “அவளுக்கு நிறைய படிக்க வேண்டியிருக்கும்மா.”

பள்ளியில் நடந்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை என்பது சிட்டுவுக்கு அப்போதுதான் புரிந்தது. நன்றி என்று சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள், “பஸ் வந்துடுச்சும்மா, ஏறு” என்று சுருட்டை அம்மாவைத் தாங்கி ஏற்றினாள்.

அம்மா ஜன்னல் வழியாகக் கையசைத்தார். அவர் தோளுக்கு அப்பால் அந்தச் சுருட்டை முடி மட்டும் தெரிந்தது. அது இந்தப் பக்கம் திரும்பவில்லை. சிட்டு அந்த அம்மாவுக்குக் கையசைத்துக்கொண்டே நின்றாள்.