பஸ் திரும்பி வருவதற்குள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருபது நிமிஷத்தில் நடந்து முடிந்த கதை ஒன்று சொல்கிறேன். நடுவில் நெஞ்சு படபடக்கும். பத்திரமாக இறக்கிவிடுவது என் பொறுப்பு.

வேடந்தாங்கல் போகிற சாலையில் காலனியின் முதல் வீடு பொன்னியுடையது. மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை ஏற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. புருஷன் ஆபிரகாம் புதுப்பட்டினத்தில் மீன் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள் தலை காட்டினால் அதிகம். வீட்டில் அவளும் மகள் ஜெனிட்டாவும்தான்.

ஜெனிட்டாவுக்கு மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. இன்னும் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனால் நிரந்தரம். ஆனால், "உன்னால தனியா இருக்க முடியலன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வேலைய வுட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண்.

அதனால் பொன்னி தினமும் விடிந்ததும் தலையில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு, மகளோடு அரைக் கிலோமீட்டர் நடந்து ஏரிக்கரை நிறுத்தத்தில் சிரித்த முகமாக வழியனுப்புவாள். கம்பெனி பஸ் கடைசி ஊர்வரை போய், அதே சாலையில் திரும்பி வரும். திரும்பும்போது ஏறினால் ஜன்னல் சீட்டு கிடைக்காது என்று பெண்கள் போகும்போதே ஏறிவிடுவார்கள். போய்த் திரும்ப இருபது நிமிஷம். அதற்குள் பொன்னி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தியாக வேண்டும். இல்லையென்றால் ஜன்னலிலிருந்து மகள் பார்த்துவிடுவாள். பல நாள் பஸ் திரும்பிவரத் தாமதமாகும். கர்த்தரின் இரக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு மகளை ஏற்றிவிட்டுத் திரும்புகையில், சாலையோரப் புளியமரம்வரைதான் கால் வந்தது. தூங்கி எழுந்தால் தீருகிற அசதி இல்லை அது. எலும்புக்குள் ஈரமணலை அள்ளிக் கொட்டினாற்போல இருந்தது. மரத்தடியில் இருந்த சிறுபாலத்தின் குட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். "களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்காருங்கம்மா" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பகலில் படுத்தால் சீக்கு வீட்டோடு தங்கிவிடும் என்பது பொன்னியின் எண்ணம். எழுந்ததிலிருந்து வீடு பெருக்கி, பாத்திரம் துலக்கி, சோறு வடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

வீடு கண்ணுக்குத் தெரிந்தது. இருநூறு அடி இருக்கும். எழுந்தாள். பத்து அடி வைப்பதற்குள் சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தடுமாறித் திரும்பவும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஏரிக்கரைப் பக்கம் ஹாரன் கேட்டது.

இன்றைக்கு இவ்வளவு சீக்கிரமா? சுவருக்குப் பின்னால் சரிந்து, கருவேல முள் முதுகில் குத்தக் குத்தக் குந்திக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கினாள். பஸ் சத்தம் கிட்டே வந்தது. தாண்டவில்லை, நின்றுவிட்டது.

"ம்மா, ஏந்து வா. மஞ்சத் துண்டு பளிச்சுனு தெரியுது."

டிரைவர் ஆனந்தன் தலையை நீட்டினார். "இன்னாக்கா, ஒளிஞ்சுகினு கீற? நான் இன்னா போலீசா?"

யாரும் சிரிக்கவில்லை. ஜெனிட்டா பையோடு இறங்கிவிட்டாள்.

"மொத வாரமே நீ இங்க குந்திகினு இருந்தத பாத்துட்டேம்மா. கொஞ்ச நேரம் குந்தினா ஏந்து போயிடுவன்னு நெனச்சு, டிரைவர் அண்ணாத்தைய கெஞ்சி, கடைசி ஊர்ல நின்னு ஒரு டீ குடிச்சுட்டு வரச் சொன்னேன். நீ வூடு போய்ச் சேரட்டும்னு."

"நேத்து லேட்டுன்னு கம்பெனி கேட்ல புடிச்சுகினாங்கக்கா," என்றார் ஆனந்தன். "இன்னிக்கு டீ கட்."

"நான் போவல. வா வூட்டுக்கு," என்றாள் ஜெனிட்டா.

"ஜெனி, கேட்ட மூடிடுவாங்கடி!" ஜன்னலிலிருந்து தோழி காயத்ரி கத்தினாள்.

காத்து வாங்க உட்கார்ந்தேன் என்ற பொய் பொன்னியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பொய்யைச் சொன்னால் இவள் இனி ஒரு நாளும் பஸ் ஏற மாட்டாள்.

"முடியலடி," என்றாள். "வூடு வரைக்கும்கூட முடியல. கஞ்சி வடிக்கச்சொல்ல கையி நடுங்குது. எதிர்வூட்டுக் கல்யாணிய பகல்ல வந்து கூட இருக்கச் சொல்லு. நான் படுத்துக்கறேன். நீ போ."

ஜெனிட்டாவின் உதடு கோணியது. "இத மொதல்லயே சொன்னா இன்னா? கண்ணு மெஷின்ல கீது, மனசு இந்தப் பாலத்துல குந்திகினு கீதும்மா."

வெளியாளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி சட்டம். ஆனந்தன் ஹாரனைத் தட்டினார். "ஏறுக்கா. கேட்டா, ஜெனிட்டா டிபன் பாக்ஸு இன்னிக்குக் கொஞ்சம் பெருசுன்னு சொல்லிக்கறேன்."

பொன்னியே முதலில் சிரித்தாள். மகளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கல்யாணி விளக்குமாற்றோடு ஓடி வந்து அவளை இறக்கினாள். "எப்ப கூப்புடுவன்னு எத்தினி நாளா பாத்துகினு கீறேன், வீம்பு புடிச்சவளே!" என்று வைதுகொண்டே தோளில் தாங்கிக்கொண்டாள். ஜெனிட்டா இறங்கவில்லை; ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே போனாள். கேட் மூட ஒரு நிமிஷம் இருக்கும்போது பஸ் உள்ளே நுழைந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சோறு வடிப்பது ஜெனிட்டா. பஸ் திரும்பும்போது அந்த வீட்டெதிரே ஒரே ஒரு ஹாரன். உள்ளே பாயில் படுத்தபடி பொன்னி கையைத் தூக்கிக் காட்டுவாள். பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. தெரியாவிட்டால் என்ன?

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவர் யாராவது இருந்தால், "முடியல" என்று சொல்ல அவருக்கு வாய் வரட்டும். கூப்பிடு தூரத்தில் ஒரு கல்யாணி இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் திரும்பி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் வீடு நல்லாயிருக்கட்டும்.