ரத்தத்தில் நிக்கல்

தண்ணீர்க் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் பூசிக் கொடுத்த குழாயில் முகம் பார்த்து மீசை திருத்தலாம் என்பார்கள். அப்படிப்பட்ட முலாம்காரர் இருபது நாளாகச் சொந்த மனைவியைத் தொடப் பயந்துகொண்டிருந்தார்.

எல்லாம் அந்தச் சர்க்கரைப் பரிசோதனையில் ஆரம்பித்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம் முடிகிற நேரத்தில் இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்து, கர்ப்பகாலச் சர்க்கரை என்றார்கள். சாப்பாட்டை அளந்து சாப்பிடு, தினமும் நட, பயப்படாதே என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மனைவி பயப்படவில்லை. முலாம்காரர்தான் வெளியே வரும்போது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத் தொலைத்தார். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் உள்ள உலோகங்களுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்களாம். உலோக வேலை செய்பவர்களின் வீட்டுப் பெண்கள் அவசியம் பெயர் கொடுக்க வேண்டுமாம்.

மனைவி பெயர் கொடுத்தாள், ரத்தமும் கொடுத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர் கண்ணுக்குத் தொட்டதெல்லாம் நிக்கல். பட்டறையிலேயே குளித்தார், உடுப்பை அங்கேயே விட்டு வந்தார். தனித் தட்டு, தனித் தம்ளர், முன்னறையில் தனிப்பாய். மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சண்டை போட்டாள். அதற்கும் பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

இருபதாவது நாள் முடிவுத்தாள் வந்தது. நிக்கல், இருக்கவேண்டியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. முலாம்காரர் மனைவியிடம் காட்டத் தைரியமில்லாமல், தாளை மடித்துக்கொண்டு நேரே மச்சினியிடம் ஓடினார். மனைவியின் தங்கையான அவளுக்கு அந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் வேலை. ரத்தம் அடைத்த குழாய்கள் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு வருவதால், அக்காவின் ரத்தம் எது என்று அவளுக்கே தெரியாது.

"வாங்கத்தான். என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? அக்கா வீட்டை விட்டுத் துரத்திட்டாளா?"

"நான்தாம்மா அவளைக் கெடுத்துட்டேன். அவளையும் புள்ளையையும். இந்தக் கையாலயே."

அவள் சிரிப்பை விழுங்கிவிட்டுத் தாளை வாங்கினாள். படிக்கப் படிக்க அவள் முகமும் இறுகியது. அவர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் விரல் அடுத்த வரிக்குப் போனது.

"இதென்ன குரோமியம்? இதுவும் ஏகத்துக்கு ஏறியிருக்கே?"

"நிக்கல் பூசுற இடத்துல குரோமியமும் இருக்குமே அத்தான்."

"மத்த பட்டறையில இருக்கும். எங்ககிட்ட குரோமியத் தொட்டியே கிடையாது. பதினேழு வருசத்துல ஒரு டப்பா வாங்கினதில்ல. அப்புறம் எப்படி என் கையிலேர்ந்து வரும்?"

மச்சினி தாளைக் கீழே வைத்தாள். "நிக்கலும் குரோமியமும் சேர்ந்து வேற எதுல இருக்கும், சொல்லுங்க."

"இது தெரியாதா? எவர்சில்வர்ல..." என்றவர் வாய் அப்படியே நின்றது. அவர் கண் மேசைமேல் இருந்த ஊசிப் பெட்டிக்குப் போயிருந்தது. மச்சினியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவர்சில்வர் ஊசி வழியாக முதலில் வருகிற ரத்தம் ஊசியின் உலோகத்தையும் கொஞ்சம் கழுவிக்கொண்டு வருமாம். மற்ற பரிசோதனைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் முதல் குழாயை ஒதுக்கிவிட்டு, இரண்டாவதைத்தான் அனுப்பவேண்டும். ரத்தம் எடுத்த நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"வயித்துல புள்ளையோட இருக்கிறவங்க ரத்தங்க. வீணா கொட்ட எனக்கு மனசே வரல. அதான் ஒரு குழாயோட நிறுத்தி, அதையே அனுப்பிட்டேன்" என்றாள், அழுகிற குரலில்.

இதற்கு யார் என்ன திட்ட முடியும்? முலாம்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தமுறை முதல் குழாய் குப்பைக்குப் போனது. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மச்சினி அத்தானை மட்டும் கண்ணாடித் தடுப்பு வரைக்கும் வரவிட்டாள். இயந்திரத்துக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெருப்பு நின்றது. சூரியனின் மேல்பரப்பைவிட அதற்குச் சூடு அதிகம் என்றாள். அந்த நெருப்புக்குள் அவர் மனைவியின் ரத்தம், நீர் கலந்து, பனிமூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒவ்வொரு பெயராக எழுந்தது. மக்னீசியம். இரும்பு. செம்பு. துத்தநாகம். செலினியம்.

"செம்பு, துத்தநாகமா? இதெல்லாம் எங்க சரக்காச்சே! இதுவும் அவ உடம்புலயா?"

"எல்லார் உடம்புலயும்தான். இதெல்லாம் இல்லேன்னா புள்ளை வளராது அத்தான். அக்கா உடம்புல இருக்கிற இரும்பை எல்லாம் திரட்டினா ஒரு ஆணி தேறும். அதுலேர்ந்து பங்கு பிரிச்சுப் புள்ளைக்குப் போகுது. செம்பு, மாசமானதும் ரத்தத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஏறும்."

"யாரு ஏத்துறா?"

"யாரும் ஏத்தல. உடம்பு தானா ஏத்திக்குது."

"நிக்கல்?"

"இதோ வருது. பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரியில ஒரு சின்னக் கல்லுப்பைப் போட்டா எவ்வளவோ, அவ்வளவு. எல்லாருக்கும் இருக்கிறதுதான். ஒண்ணுமில்ல அத்தான்."

முலாம்காரர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தினமும் காலையில் தொட்டியை அளந்து பார்க்கிற மனிதர் அவர். ஒரு கரண்டி கூடினால் பூச்சு கருத்துப்போகும், குறைந்தால் உரிந்துபோகும். பதினேழு வருடத்துக்குப் பிறகும் வாரத்துக்கு ஒருமுறை தப்புப் பண்ணுகிறார். இங்கே ஒருத்தி தராசு இல்லாமல், அளவுக்கரண்டி இல்லாமல், தூங்கும்போதும் சண்டை போடும்போதும் இத்தனையையும் கல்லுப்புக் கணக்கில் நிறுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் அவளுக்கே தெரியாமல். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைவிடப் பெரிய வேலைக்காரரை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அப்போ சர்க்கரை எதனால வந்துச்சு?" என்றார் கடைசியில்.

"இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. அதுக்குத்தான் இத்தனை பேர்கிட்ட ரத்தம் வாங்குறோம். அக்கா ரத்தத்துல நிக்கல் ஏறல. இந்தப் பரிசோதனை அவ்வளவுதான் சொல்லும்."

வெளியே வந்து பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தார்.

"என் கையில தப்பில்லையாம்" என்றார்.

"கையை யாரு குத்தம் சொன்னா?" பல நாளுக்குப் பிறகு அவள் வாய் திறந்தது. "புள்ளை உதைக்கிறப்ப எல்லாம் முன்னறையைப் பார்த்துட்டுக் கிடந்தேன். கூப்பிட்டா வந்திருப்பீங்களா? ஒன்பது வருசம் காத்துக் கிடந்து, இதைச் சுவத்துக்கிட்டயா சொல்லணும்?"

அவர் வலது கையைப் பார்த்தார். "கழுவிட்டு வந்துடட்டுமா?"

"எழுந்தீங்க, தெரியும் சேதி!" என்று அந்தக் கையைப் பிடித்திழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் அசையவில்லை.

"தூங்குது. எடுத்துடாதீங்க" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். தாழ்வாரத்தைத் துடைக்க வந்தவர் அவர்கள் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். வேலை முடிந்து கைப்பையோடு வந்த மச்சினி இருவரையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா நீங்க?"

"உஷ்!" என்றார் முலாம்காரர். "மெதுவாப் பேசு. புள்ளை தூங்குது."