இரண்டு பேர் செய்யும் பயிற்சி

பார்லரில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கைக்கும் வாய்க்கும் சேர்த்தே வைத்தது. இருபது வருடம் அடுத்தவர் தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடித்திருந்த வலது தோள் ஒருநாள் பூட்டிக்கொண்டது. ஆறு வாரத்துக்குள் கை மேலே எழாவிட்டால் அவளுடைய நாற்காலியில் வேறொருத்தியை நிறுத்த வேண்டியிருக்கும் என்றாள் முதலாளியம்மா. வருத்தத்தோடுதான் சொன்னாள். வருத்தப்படச் செலவா ஆகிறது?

இன்று ஆறாவது வாரம் முடிகிறது. பிசியோதெரபி அறைச் சுவரில் எண் போட்ட மர ஏணி ஒன்று இருந்தது. அதில் விரல்களை நடக்கவிட்டு ஏற வேண்டும். கத்திரியின் விரல்கள் பதினான்காம் படியில் நின்றன. போன வாரமும் அங்கேதான் நின்றன.

பிசியோ பெண், சின்ன வயசுக்காரி, அவளைப் படுக்கவைத்து முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"கையை எங்கிட்ட விடுங்கக்கா."

"விட்டுட்டேனேம்மா."

"எங்க விட்டீங்க? என் கையையும் சேர்த்து நீங்கதான் தூக்கிட்டிருக்கீங்க."

தோள் காதுவரை ஏறி இறுகியிருந்தது. மூட்டு பாதி, பயம் பாதி என்றாள் பிசியோ பெண். வலி பொய்யில்லை, ஆனால் வலிக்குமோ என்று உடம்பு முன்கூட்டியே பூட்டிக்கொள்கிறது. இன்னொருவர் கையில் பாரத்தை விட்டுப் பழகினால்தான் இளகும். அதற்குத்தான் வீட்டில் தினம் இரண்டு வேளை தங்கச்சியை விட்டுக் கையைத் தூக்கச் சொல்லியிருந்தாள். நாளை அந்தத் தங்கச்சியையும் அழைத்துவரச் சொன்னாள்.

முதல் நாள் படிவத்தில், 'வீட்டில் உதவ யார்?' என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதியவள் அவள்தான். அன்று பக்கத்து நாற்காலிகளில் ஒருத்தியின் கணவன் ஃபைலைப் பிடித்திருந்தான், இன்னொருத்தியின் மகள் பையைப் பிடித்திருந்தாள். 'யாருமில்லை' என்று எழுதக் கூசியது. பயிற்சித் தாளில் ஒருத்தி படுத்திருப்பாள், ஒருத்தி நின்று தூக்குவாள். அந்தப் படத்தை மட்டும் தினமும் தாண்டிப்போனாள்.

"தங்கச்சி பேசி நாலு வருஷமாச்சும்மா. வீட்ல நான் மட்டும்தான்."

பிசியோ பெண் கையை மெல்ல இறக்கி வைத்தாள். "மொத நாளே சொல்லியிருந்தா, இந்நேரம் கடையில முடி வெட்டிட்டிருப்பீங்கக்கா."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அறைக்கு வெளியே வராந்தாவிலிருந்து கடைக்குப் போன் செய்து இன்னும் ஒரு மாதம் கேட்டாள். புதுப்பெண் தன் சாமான்களைக் கத்திரியின் மேசை இழுப்பறையில் அடுக்கிவிட்டாளாம். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துவிட்டுப் போகலாமாம்.

தனியாக இருப்பவர்களுக்கென்றே ஒரு கருவி இருந்தது; பிசியோ பெண் கொடுத்தனுப்பியிருந்தாள். கப்பியில் ஓடும் கயிறு, இரண்டு முனையிலும் கைப்பிடி. சாயங்காலம் அதைப் படுக்கையறைக் கதவின் மேல் மாட்டினாள். கதவுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கை கீழே இழுக்க, வலது கை மேலே போனது. தோள் வழக்கம்போலக் காதுக்கு ஏறியது. விடச் சொல்ல ஆளில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அது கொஞ்சம் இறங்கியது.

"ஒண்ணு," என்றாள். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் குரல்.