பன்னிரண்டாம் பக்கத்து வரி

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போடுகிறவர், தன் ஆய்வு எத்தனை பேரைத் தொட்டது என்று காட்ட வேண்டும். என்னை மேற்கோள் காட்டியவர்கள் அறுபத்திரண்டு பேர். அதில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒரே வரியைத்தான் எடுத்திருந்தார்கள்: “மனு எழுதப்படுவது மேலே பெயர் இருப்பவருக்கு அல்ல, நகல் போகிறவருக்கே.” மிச்சம் நாலில் இரண்டு, என்னை நானே காட்டிக்கொண்டது.

சங்கப் பாட்டில் தோழி தலைவியிடம் பேசுவாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் தலைவன் காதில் விழத்தான் பேசுவாள். அதைப் பற்றி நான் எழுதிய இருபது பக்கக் கட்டுரையில் வருவது அந்த வரி. அதை வைத்துச் சென்னையில் ஒருவர் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார்.

வரி பிறந்த கதையையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாம் என்ற ஆசையில், பதினொரு வருடத்துக்கு முன் கையால் எழுதிய தாள்களைத் தேடி எடுத்தேன். அந்த வரி வரவேண்டிய பன்னிரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். அது இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. அச்சில் பார்த்தபோது ஏன் சந்தேகம் வரவில்லை? நல்ல வரியைத் தன்னுடையதில்லை என்று யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மறுநாளே பதுளைக்கு பஸ் ஏறினேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இராசையாவின் டைப்பிங் கடையில்தான் என் கட்டுரைகளைக் கொடுப்பேன்; அதையும் அவர்தான் அடித்தார். தோட்டத்து ஜனங்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில்.

அச்சில் அந்த வரியைக் காட்டிக் கேட்டேன். “ஆமாங்க மிஸ், நான்தான் போட்டேன்” என்றார், பக்க எண் போட்டதைச் சொல்வது போல.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“பன்னண்டு பக்கம் அடிச்சும் நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னே வெளங்கல. வேலிக்கு அங்கிட்டு ஒருத்தர் நிக்கிறார்னு இருந்திச்சு. அட, நகல் போற ஆளுன்னு புரிஞ்சிச்சு. போட்டேன்.”

“எப்படி?”

“தோட்டத்துத் தொரைக்குன்னு பெட்டிசம் எழுதுவோம். தொரை வாசிக்க மாட்டாரு. கீழ நகல்னு போடுறோமே, அந்த ஆபீஸ்லதான் ஒருத்தர் வாசிப்பாரு. அவருக்கு வெளங்குற மாதிரிதாங்க முழுசையும் அடிக்கணும். கொஸ்லந்தப் பக்கம் ரெண்டு லயத்து வீடுகளுக்குத் தண்ணி வந்தது அப்படித்தான்.”

சண்டை போடத்தான் போனேன். ஆனால் என் இருபது பக்கத்தை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவமானமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

“உங்க பேரைப் போடப் போறேன்” என்றேன்.

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஐயையோ, வேணாங்க மிஸ்! குடுத்தத மாத்தி அடிக்கிறவன்னு தெரிஞ்சா எந்தத் தோட்டத்து ஆளு எங்கிட்ட வரும்? பொழப்பு போயிரும்.”

பெயரைச் சொன்னால் அவர் சோற்றில் மண். சொல்லாவிட்டால் நான் திருடி. வீட்டில் இரண்டு நாள் எதுவும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு தேர்வுக் குழுவுக்கு என் கையாலேயே கடிதம் எழுதினேன். அந்த வரி என்னுடையதல்ல, எழுதியவர் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அதை விட்டுவிட்டு என்னை எடைபோடுங்கள் என்று. நாலு மேற்கோளுடன் எவரும் பேராசிரியராக முடியாது. தெரிந்துதான் அனுப்பினேன்.

நேர்முகத்தில் குழுத் தலைவர் அந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். “எழுதினவர் எழுத்துக்குச் சொந்தக்காரர் இல்லைங்கிற கோட்பாட்டை விண்ணப்பத்திலேயே செய்து காட்டியிருக்கிறீங்க, கலாநிதி விசாலாட்சி. அபாரம்!”

“இல்லை சேர். உண்மையாவே வேறொருத்தர் எழுதினது.”

“அதேதான்!” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“சேர், அப்படி ஒரு ஆள் இருக்கிறார். உயிரோட இருக்கிறார்.”

“எல்லா எழுத்துக்குள்ளும் அப்படி ஒரு ஆள் இருக்கிறார்” என்று தலைவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கமென்று எடுத்துக்கொண்டார்கள்.

போன வாரம் நியமனம் வந்தது. கூடவே ஓர் ஆய்விதழ், என் கடிதத்தைக் கட்டுரையாக வெளியிட அனுமதி கேட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. அதில் ஒன்றைக்கூட அவர்கள் நம்பவில்லை.